பிறக்கும் முன்பே சிகிச்சையா? தாலசீமியா பற்றிப் பெரியவர்களுக்கு



வயிற்றில் இருக்கும் குழந்தைக்கே மரபணுச் சிகிச்சை செய்து ரத்த நோயைக் குணப்படுத்தலாம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அது எந்த அளவுக்கு உண்மை என்று பார்ப்போம்.

தாலசீமியா என்றால் என்ன?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத நோய் இது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரிடமும் உண்டு. நோய் கடுமையாக உள்ள பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். உடலில் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்ற மருந்தும் தேவை.

கருவிலேயே சிகிச்சை எதுவரை வந்துள்ளது?

மரபணுவைத் திருத்தும் மருந்தை உயிரணுவுக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். பல சிகிச்சைகளில், தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸ் அதைச் சுமந்து செல்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அந்த வைரஸைத் தாக்கக்கூடும் என்பதால், வைரஸ் இல்லாத வழிகளையும் ஆய்வாளர்கள் தேடுகின்றனர். பைசர் கோவிட் தடுப்பூசியில் மருந்து நுண்ணிய கொழுப்புத் துளிகளுக்குள் இருந்ததும் அத்தகைய ஒரு வழியே.

2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தானே கரையும் தையல் நூலில் உள்ள பொருளால் நுண்துகள்கள் செய்தனர். அவற்றில் மருந்தை வைத்து, தாலசீமியா உள்ள எலிக்கருக்களுக்கு ஊசி மூலம் செலுத்தினர். பிறந்த எலிகளின் ரத்தச்சோகை நீங்கியது. எனினும் இது எலிகளில் கண்ட பலன்தான். இந்தச் சிகிச்சை மருத்துவமனைகளில் இன்னும் கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்று உதவுவது ரத்தப் பரிசோதனை

தாலசீமியா மரபணு ஒன்று மட்டும் உள்ளவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார், பரிசோதித்தால்தான் தெரியும். கணவன், மனைவி இருவரிடமும் ஒரே வகை மரபணு இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு நோய் வருவதற்கு உண்டு.

நம் நாட்டில் 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்கு இப்பரிசோதனை தொடங்கப்பட்டது. பேரப்பிள்ளைகளிடம் முடிவைக் கேளுங்கள். செய்யாதவர்கள் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என எங்கிருந்தாலும் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் விசாரிக்கலாம்.

உங்கள் சொல்லுக்கு மதிப்புண்டு

கல்யாணம் பேசும்போது ஜாதகம் பார்க்கிறோம். அதற்கு முன்பே ரத்தப் பரிசோதனையையும் செய்யச் சொல்லுங்கள். மரபணு இருப்பது குடும்பத்துக்கு இழுக்கல்ல. அதை மறைப்பதால்தான் பிள்ளைகள் துன்பப்படுகின்றனர். இருவரிடமும் இருந்தால் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை; மருத்துவ ஆலோசனை பெறட்டும். மருமகளோ மகளோ ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால், முதல் பரிசோதனையிலேயே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.