லாரியை மறித்த லாபி

கேள்வி: நாடுகள் கையெழுத்திட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களை லாபிக் குழுக்களால் கவிழ்த்துவிட முடியுமா?

பதில்: கவிழ்ப்பது அரிது. உள்ளிருந்தே முடக்குவதுதான் வழக்கம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையே 1994இல் அமலுக்கு வந்த நாஃப்டா ஒப்பந்தத்தைப் பாருங்கள். 1995 டிசம்பர் முதல் மெக்சிகோ லாரிகள் அமெரிக்காவின் எல்லை மாநிலங்களுக்குள் சரக்கு கொண்டுபோகலாம் என்று அதில் எழுதியே இருந்தது. அமெரிக்க லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் கடுமையாக எதிர்த்தது. கிளிண்டன் அரசு சாலைப் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டது. 2001இல் நடுவர் குழு மெக்சிகோ பக்கம் தீர்ப்பளித்தும் வழி திறக்கவில்லை. பிறகு மெக்சிகோ லாரிகளை அனுமதிக்கத் தொடங்கிய சோதனைத் திட்டத்துக்கும் 2009இல் அமெரிக்க காங்கிரஸ் பணத்தை நிறுத்தியது. மெக்சிகோ பொறுமையிழந்து, சுமார் 240 கோடி டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பொருள்களுக்கு வரி போட்டது. பட்டியலில் பேரிக்காயும் உண்டு, கிறிஸ்துமஸ் மரமும் உண்டு! லாரிக்கும் பேரிக்காய்க்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அடிபட்ட விவசாயிகள் போய் வாஷிங்டனை நெருக்கட்டும் என்ற கணக்குதான். 2011இல் சமரசம் ஏற்பட்டது.

லாபி காப்பாற்றவும் செய்யும். 2017 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் நாஃப்டாவிலிருந்து விலகும் அறிவிப்பு வரை போனபோது, விவசாய, தொழில் அமைப்புகள் முட்டுக்கட்டை போட்டன. எந்தெந்தப் பகுதிகள் பாதிக்கப்படும் என்று வேளாண் அமைச்சர் வரைபடத்தையே கொண்டுபோய்க் காட்டினார். பல இடங்கள் டிரம்புக்கு ஓட்டுப் போட்டவை.

நாஃப்டாவுக்கு மாற்றாக 2020 ஜூலையில் வந்த ஒப்பந்தத்துக்கு ஆயுள் 16 ஆண்டு. ஆறாம் ஆண்டில் கூட்டு மறுஆய்வு வேறு. லாபிக்காரர்களுக்கு இனி வேலைப் பஞ்சமே இராது.