மைதானத்திற்கு வெளியே நிற்கும் பெற்றோர்

குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும்போது எல்லாப் பள்ளிகளிலும் ஒரே காட்சிதான். வயதுச் சான்று, புகைப்படம் எல்லாம் தயாராக இருக்கும். ஒப்புதல் கடிதத்தில் பெற்றோர் கையொப்பம் மட்டும் வந்திருக்காது. "அப்பா வேணாம்னு சொல்லிட்டாரு சார்" என்று பிள்ளை தலைகுனிந்து நிற்கும். இன்னொரு பிள்ளையின் தந்தை போட்டிக்கே வந்துவிடுவார். கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார், தோற்றால் எல்லார் முன்னிலையிலும் திட்டுவார். வேறு சில பெற்றோரை நாம் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டோம்.

இந்த மூவரையும் சேர்த்து, "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை" என்று ஆசிரியர் அறையில் பேசி முடித்துவிடுகிறோம். மூவரின் சிக்கலும் வேறு வேறு. விளையாடும் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதைச் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தான்.

துணை நிற்பது என்றால் என்ன?

பணமும் விளையாட்டு அறிவும் உள்ள பெற்றோரால்தான் துணை நிற்க முடியும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நம் மாநிலத்தின் மூன்று குடும்பங்களைப் பார்ப்போம்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது காலில் பெரும் பாதிப்புக்கு உள்ளானார். தாய் சரோஜா கூலி வேலை செய்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தவர். ஓட்டமும் தாண்டலும் இனி வேண்டாம் என்று அவர் மகனை வீட்டில் உட்கார வைத்திருந்தாலும் ஊர் குறை சொல்லியிருக்காது. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்ட ஊக்குவித்தார், வீடு தடுக்கவில்லை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் என மூன்று பதக்கங்கள் வந்தன.

சதுரங்க வீரர் பிரக்ஞானந்தாவின் தாய் நாகலட்சுமி சதுரங்க நிபுணர் அல்லர். வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளுடன் செல்லும்போது குக்கரை எடுத்துச் சென்று சோறும் ரசமும் சமைத்துத் தருவார். 2023இல் பாகுவில் நடந்த உலகக் கோப்பையில் மகன் இறுதிச் சுற்றுவரை சென்று கார்ல்சனிடம் தோற்றபோதும் உடனிருந்தார். எந்தக் காயை நகர்த்த வேண்டும் என்று சொல்வது பயிற்சியாளரின் வேலை. பசிக்கும் தூக்கத்திற்கும் மனத்திற்கும் துணையாக இருப்பது தாயின் வேலை. இரண்டும் அங்கே கலக்கவில்லை.

கோவையைச் சேர்ந்த இரட்டையர் வித்யா, நித்யா ஆகியோரின் தந்தை ராம்ராஜ் ஆட்டோ ஓட்டியவர். மகள்கள் இருவரையும் ஈரோட்டில் விடுதியில் தங்கி விளையாடவும் படிக்கவும் அனுப்பியது அந்தக் குடும்பம். ஹாங்சோவில் 2023இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை வித்யா 55.42 வினாடிகளில் ஓடி, பி.டி. உஷா 1984இல் படைத்த தேசிய சாதனையைச் சமன் செய்தார்.

பதக்கம் வந்ததால் இவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஆனால் இவர்கள் செய்தவை எந்த வீட்டிலும் செய்யக்கூடியவை: தடுக்காமல் இருந்தார்கள், சோறு போட்டார்கள், நம்பி அனுப்பினார்கள், தோற்ற நாளிலும் உடனிருந்தார்கள்.

வராத பெற்றோர்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரை எடுத்துக்கொள்வோம். மாவட்ட விளையாட்டரங்கம் சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. ஆனால் கரும்பு வெட்டுக்கோ நடவுக்கோ கூலிக்குப் போகும் பெற்றோருக்கு, போட்டியைப் பார்க்க வருவது என்றால் ஒருநாள் கூலி போய்விடும். அவர்கள் வராததை அக்கறையின்மை என்று கொள்ளக் கூடாது. காலையில் சாப்பிட வைத்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தந்து, மாலையில் "என்னம்மா நடந்துச்சு?" என்று உட்கார்ந்து கேட்டால் அதுவே பெரிய துணை. இதை அவர்களிடம் நாம் சொல்ல வேண்டும். "நீங்க வரலன்னாலும் பரவாயில்ல. ராத்திரி அவ சொல்றத முழுசா கேளுங்க" என்ற ஒரு வார்த்தை, வர முடியாத பெற்றோரின் குற்ற உணர்வைப் போக்கும்.

கையொப்பம் தர மறுக்கும் பெற்றோர்

மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் அச்சம் இருக்கும். பெண் குழந்தைகள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது இது கூடுகிறது. "வயசுக்கு வந்த பொண்ணு, வெளியூருக்கு எப்படி சார் அனுப்புறது?" என்ற கேள்விக்கு, "பயப்படாதீங்க" என்பது பதிலாகாது. கீழ்க்கண்டவற்றை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

1. உடன் வரும் ஆசிரியை யார், அவருடைய கைப்பேசி எண் என்ன?
2. எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குத் திரும்புவோம், திரும்பியதும் யார் வீடுவரை விடுவார்கள்?
3. உடை மாற்றவும் கழிப்பறைக்கும் என்ன வசதி உண்டு? மாதவிடாய் நாளாக இருந்தால் என்ன செய்வோம்?
4. அடிபட்டால் எங்கே அழைத்துச் செல்வோம், செலவை யார் ஏற்பார்கள்?
5. விடுபட்ட பாடங்களை எப்போது நடத்தித் தருவோம்?

தந்தையிடம் மட்டும் பேசாமல் தாயிடமும் பேச வேண்டும். ஏற்கெனவே போட்டிக்குச் சென்றுவந்த மூத்த மாணவியின் தாய் பேசினால் இன்னும் நல்லது.

எதிர்காலம் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர வாய்ப்புண்டு. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆனால் "ஓடினால் வேலை நிச்சயம்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. விளையாடும் பிள்ளைகளில் மிகச் சிலரே அந்த இடத்தை அடைகிறார்கள். வேலையை நம்பி அனுப்பிய பெற்றோர், முதல் தோல்வியிலேயே பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். உடல்நலமும் துணிவும் கூடி விளையாடும் பழக்கமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். அதை முதலில் சொல்வோம்.

கத்தும் பெற்றோர்

இவருக்கு அக்கறை குறைவில்லை. அந்த அக்கறை பிள்ளையின் மேல் பாரமாக இறங்குகிறது. பயிற்சியாளர் "நில்" என்கிறார், தந்தை "ஓடு" என்கிறார். பிள்ளை பந்தைப் பார்க்காமல் தந்தையின் முகத்தைப் பார்க்கிறது. போட்டி முடிந்து வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் விசாரணை தொடர்கிறது.

அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அமண்டா விசெக் குழுவினர், கால்பந்து ஆடும் சிறுவர் சிறுமியரிடம் விளையாட்டை மகிழ்ச்சியாக்குபவை எவை என்று ஆராய்ந்து 81 காரணங்களைத் தொகுத்தனர். முழுமூச்சாக முயல்வது, அணியினரின் இணக்கம், பயிற்சியாளரின் நல்ல அணுகுமுறை ஆகியவை முன்னணியில் இருந்தன. வெற்றி முதல் பத்தில்கூட வரவில்லை. மகிழ்ச்சி போனால் பிள்ளை விளையாட்டை விட்டுவிடும் என்பதைப் பெற்றோருக்கு விளக்க இது உதவும்.

அவரிடம் தனியாக மூன்று வேண்டுகோள்களை வைக்கலாம். ஆட்டத்தின்போது கைதட்டலாம், ஆணையிட வேண்டாம். நடுவரைத் திட்ட வேண்டாம். வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளை பேசினால் பேசலாம், இல்லையென்றால் சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம். பிற பெற்றோர் முன்னால் இதைச் சொன்னால் அவருக்கு அவமானமாகும், பயனும் இராது.

தோற்றதற்காகப் பிள்ளையை அடிப்பதும் பட்டினி போடுவதும் இதில் சேராது. அது குழந்தைப் பாதுகாப்புச் சார்ந்தது. தலைமையாசிரியரிடம் தெரிவித்து, 1098 அல்லது 14417 எண்ணின் உதவியை நாட வேண்டும்.

நாற்பது நிமிடக் கூட்டம்

போட்டிகளுக்கு முன், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை ஒட்டி ஒருமுறை இதை நடத்தலாம். வேலை முடிந்து வரும் பெற்றோருக்காக மாலை நேரமே ஏற்றது.

முதல்நாள் வகுப்பில், "போட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும் நான் கேட்க விரும்பும் ஒரு வாக்கியம்" என்ற தலைப்பில் மாணவர்களைப் பெயர் குறிப்பிடாமல் எழுதச் சொல்லுங்கள். யார் எழுதியது என்று தெரியாதபடி கலந்து, கூட்டத்தில் 10 நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். நாம் தரும் அறிவுரையைவிடப் பிள்ளைகளின் அந்த வரிகள் பெற்றோரிடம் நன்றாகச் சென்று சேரும். அடுத்த 15 நிமிடம் மேலே சொன்ன ஐந்து செய்திகளுக்கு. மீதி 15 நிமிடம் பெற்றோர் பேசட்டும், நாம் குறிப்பெடுப்போம். போட்டி முடிந்தபின், பரிசு பெறாத பிள்ளைகளின் பெற்றோரையும் அழைத்து, பிள்ளை எதில் முன்னேறியது என்று ஒரு வரியாவது சொல்ல வேண்டும். வென்றவர் வீட்டுக்கு மட்டும் நாம் அழைத்தால், வெற்றி மட்டுமே பெரிது என்று நாமே கற்றுக்கொடுத்தவர்களாவோம்.

குறுவள மையக் கூட்டத்தில் கலந்துரையாட

1. உங்கள் பள்ளியில் சென்ற ஆண்டு விளையாடி, இந்த ஆண்டு நிறுத்திய மாணவிகள் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் காரணம் என்ன?
2. அவர்களுள் எத்தனை பேரின் தாயிடம் நாம் நேரில் பேசியிருக்கிறோம்?
3. விளையாட விருப்பமில்லாத பிள்ளையைப் பெற்றோர் வற்புறுத்தினால், பிள்ளையின் பக்கம் நின்று எப்படிப் பேசுவீர்கள்?