தயிர் ஏன் உறையவில்லை?

கேள்வி: டாக்டர் ஐயா, எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஜெர்சி கலப்பு மாடு. இரண்டாம் ஈத்து. வேளைக்கு நாலரை லிட்டர் கறக்கும். போன வாரம் பின்பக்கத்துக் காம்பு ஒன்று கல்லு மாதிரி வீங்கி, பால் திரி திரியாக வந்தது. எங்கள் ஊர் டாக்டர் மூன்று நாள் வந்து கழுத்தில் ஊசி போட்டார், காம்பு வழியாக டியூப் மருந்தும் ஏற்றினார். பாலை ஊற்றாதீர்கள் என்றார். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சொசைட்டிக்கு ஊற்றவில்லை. மற்ற மூன்று காம்பும் நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பாலை நன்றாகக் காய்ச்சி வீட்டில் வைத்துக்கொண்டோம். ஐந்து வயதுப் பேரனும் இரண்டு நாள் குடித்தான். ராத்திரி உறை ஊற்றினால் காலையில் பால் பாலாகவே இருக்கிறது. காய்ச்சினால் மருந்து போய்விடாதா? மிச்சத்தைக் கன்றுக்கு விடலாமா? ஒரு நாள் பால் நின்றால் எங்களுக்கு 300 ரூபாய் போச்சு. இன்னொன்று: கடலைப் பிண்ணாக்கு மூட்டை மழையில் நனைந்து பூசணம் பிடித்துவிட்டது. காயவைத்துப் போடலாமா?
– ஒரு வாசகி, மணப்பாறை பக்கம்

பதில்: முதலில் பேரன். இரண்டு நாள் குடித்ததால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். ஆனால் பென்சிலின் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் கொஞ்சம் மருந்தே போதும். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு என்று எது தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஊசி போட்ட மாட்டின் பாலைக் குடித்தான் என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

காய்ச்சினால் மருந்து போகாது, அம்மா. கிருமி சாகும், மருந்து சாகாது. மடிநோய்க்குப் போடும் ஆன்டிபயாடிக் மருந்துகள் கொதியில் கொஞ்சம் குறையலாமே தவிர, ஒழிவதில்லை. அதற்கு உங்கள் தயிர்ச் சட்டியே சாட்சி. உறை என்று நாம் ஊற்றுவது உயிருள்ள நல்ல பாக்டீரியாக்கள். அவை பாலில் பெருகிப் புளிப்பை உண்டாக்கினால்தான் பால் கட்டியாகும். பாலில் மருந்து இருந்தால் மடியில் இருக்கும் கெட்டதைக் கொல்வதுபோல இந்த நல்லதையும் கொன்றுவிடும். அதே சமயம், தயிர் உறைந்துவிட்டால் பால் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. மருந்து குறைவாக இருந்தாலும், வேறு வகை மருந்தாக இருந்தாலும் தயிர் உறைந்துவிடும்.

மூன்று காம்பு நன்றாக இருக்கிறதே என்கிறீர்கள். ஒரு காம்பில் ஏற்றிய மருந்தும் ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்குப் போகும். கழுத்து ஊசியைச் சொல்லவே வேண்டாம். அதனால் நாலு காம்புப் பாலையும்தான் ஒதுக்க வேண்டும். சில மருந்துக்கு இரண்டு நாள், சிலதுக்கு நாலு நாள், அதற்கு மேலும் உண்டு. மருந்து அட்டையிலேயே போட்டிருக்கும். அந்தக் கணக்கை முதல் ஊசியிலிருந்து எண்ணக் கூடாது, கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். உங்கள் டாக்டருக்குப் போன் போட்டு மருந்தின் பெயரையும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் மருந்தை மட்டும் ஏற்றிவிட்டு நாளைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அவர்கள் பால் ஊற்றிய டீக்கடையில் இரண்டு நாள் தயிர் உறையவில்லை. அன்றிலிருந்து சீட்டில் நாளை எழுதாமல் நான் ஒரு வீட்டையும் விட்டு இறங்கியதில்லை.

சொசைட்டிக்கு ஊற்றாமல் இருந்தீர்களே, அது பெரிய காரியம். உங்கள் கேன் பால் ஊர்ப் பாலோடு சேர்ந்து, டேங்கர் ஏறி, எத்தனையோ பிள்ளைகளின் டம்ளருக்குப் போகிறது. அதற்காக நீங்கள் இழந்த 300 ரூபாயின் கனம் எனக்குத் தெரியும்.

கன்றுக்கும் விடாதீர்கள். அரைகுறையாக மருந்து குடித்து வளரும் கன்றின் வயிற்றில் மருந்துக்கு மசியாத கிருமிகள் தங்கிவிடும். நாய், பூனைக்கும் வேண்டாம். தொழுவத்தை விட்டுத் தள்ளிக் குழி தோண்டி ஊற்றுங்கள். நோய்க் காம்பைத் தரையில் பீய்ச்சாதீர்கள். அதை மற்ற காம்புகளுக்குப் பிறகு கடைசியாகத் தனிப் பாத்திரத்தில் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மறுபடி வராமல் இருக்க ஒரு சின்னப் பழக்கம் உண்டு. கறந்து முடித்த பின் காம்பின் துவாரம் மூட அரை மணி நேரம் போல ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணியில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். கறந்த கையோடு தீவனத்தை வையுங்கள், தின்றுகொண்டு நிற்கும். போவிடோன் அயோடின் கரைசலில் காம்பை நனைத்துவிடுவதும் நல்லது.

வீக்கம் தொடங்கும்போதே கண்டால் கற்றாழை வைத்தியம் கைகொடுக்கும். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பியது. தேசிய பால்வள வாரியமும் இதை நாடெங்கும் சொல்லித் தருகிறது. முள் சீவிய சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரையுங்கள். மடியைக் கழுவி, இருக்கிற பாலை முழுக்கக் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். தினமும் இரண்டு எலுமிச்சம்பழம் நறுக்கித் தின்னக் கொடுங்கள். காய்ச்சல் அடித்தால், தீனி எடுக்காவிட்டால், மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தால் விழுதை நம்பி ஒரு வேளைகூடக் காத்திருக்கக் கூடாது. டாக்டரை உடனே கூப்பிடுங்கள். திரிப் பாலை எந்த வைத்தியத்திலும் யாரும் குடிக்கக் கூடாது.

பிண்ணாக்கு விஷயம் இதைவிட எனக்குக் கவலை தருகிறது. பூசணம் விடும் அஃப்ளடாக்சின் நஞ்சு வெயிலில் காயவைத்தாலும் முழுதாக ஒழியாது, அடுப்பில் வைத்தாலும் ஒழியாது. மாடு தின்றால் பாலில் வந்து இறங்கும். நாள்பட்டால் கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் வழி. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் ஆன்டிபயாடிக் வரம்பு மீறியவை 77. இந்த நஞ்சு வரம்பு மீறியவை 368. அதில் 88 நம் தமிழ்நாட்டு மாதிரிகள். அந்த மூட்டையை ஆடு, கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள். அடுத்த மூட்டையைச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் பத்து நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.