பனிக்காலத்தில் மீன் குளம்

மார்கழி, தை மாதங்களில் குளத்து நீர் குளிர்வதால் கெண்டை மீன்கள் இரை எடுப்பது குறையும். வழக்கம்போல் தவிடும் பிண்ணாக்கும் இட்டால், மிஞ்சியது அடியில் அழுகி அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகும். குளத்தில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இவை நன்கு வேலை செய்யும், குளிரில் மந்தமாகிவிடும். ஆகவே கடையில் விற்கும் பாக்டீரியாத் தூளைக் கூடுதலாக இட்டுப் பயனில்லை. முதலில் தீனியைக் குறைக்க வேண்டும். தீனியைத் தட்டில் வைத்து, மிஞ்சுகிறதா என்று தினமும் பார்ப்பது நல்லது. இந்தப் பாக்டீரியாக்களுக்குப் பிராணவாயு தேவை. எனவே தூளை நீரில் கரைத்து, வெயில் ஏறிய பின்னரே தெளிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ இட்டிருந்தால் சில நாட்கள் பொறுக்கவும். அவை நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும், செலவு வீணாகும்.