வீட்டுப் பிரிண்டரும் அதன் தீனிச் செலவும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

சந்தையில் காளையின் விலையைப் பேசும்போதே, அதன் தீனிச் செலவையும் மனத்தில் கூட்டிப் பார்ப்பது நம் குடியானவர்களின் வழக்கம். மோட்டார் பம்பு வாங்குவோரும் அதன் தேய்மானத்தையும் பழுதுச் செலவையும் விசாரித்த பிறகே பணம் கொடுக்கின்றனர். ஆனால் பிரிண்டர் என்னும் அச்சு யந்திரத்தை வாங்கும்போது மட்டும் இந்த முன்யோசனை பலருக்குத் தோன்றுவதில்லை. கடையில் விலை குறைந்ததாக இருப்பது எதுவோ, அதுவே வீட்டுக்கு வந்து சேருகிறது.

2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசி வழியே நடைபெறத் தொடங்கிய பின்னர், கிராமத்து வீடுகளிலும் இந்த யந்திரத்தைக் காண முடிகிறது. அச்சிடுதல், நகலெடுத்தல், ஸ்கேன் செய்தல் ஆகிய மூன்று வேலைகளையும் ஒன்றே செய்வதால் இதனை ‘ஆல்-இன்-ஒன்’ என்று அழைக்கின்றனர். மாணவர்களின் பாடக் குறிப்புகள், பட்டா, சிட்டா, விண்ணப்பங்கள், ஆதார் நகல்கள் எனத் தேவைகள் பல. மகளிர் சுய உதவிக் குழுவினர் கடன் பெற்று, இதனையே ஒரு சிறு தொழிலாக நடத்த முன்வருவதும் உண்டு. கடன் தவணையும் மை வாங்கும் செலவும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்போது விழிப்பதைவிட, வாங்குமுன் கணக்கிட்டுப் பார்ப்பதே விவேகமாகும்.

யந்திரம் வேலை செய்யும் முறை

இங்க்ஜெட் எனப்படும் இவ்வகை யந்திரத்தில் அச்சுத்தலை என்ற பாகம் ஒன்று உண்டு. அதில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் வழியே மை சிறு துளிகளாகக் காகிதத்தின்மீது விழுகிறது. ஒரு துளியின் அளவு சில பைக்கோலிட்டர்களே. ஒரு பைக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்குகளாக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு.

துளியை வெளியே தள்ளுவதற்கு இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. எச்.பி., கானன் ஆகிய கம்பெனிகள் பெரும்பாலும் மையை ஒரு கணம் சூடாக்கி, அதில் எழும் குமிழியின் அழுத்தத்தால் துளியைத் தள்ளுகின்றன. எப்சன் கம்பெனி, மின்சாரம் பாய்ந்தால் வளைந்து கொடுக்கும் ஒரு பொருளைக் கொண்டு, சூடின்றியே துளியைப் பிதுக்குகிறது. முறை எதுவாயினும், துளைகள் மிக நுண்ணியவை. மை உலர்ந்தால் அடைபடும். யந்திரத்தின் பராமரிப்பு முழுவதும் இந்த ஒரு செய்தியையே அடிப்படையாகக் கொண்டது.

விலை குறைந்த யந்திரமும் விலை மிகுந்த மையும்

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்பது பழமொழி. இது பிரிண்டருக்கு மிகவும் பொருந்தும். கார்ட்ரிட்ஜ் எனப்படும் மைப்பெட்டியைப் பொருத்தும் யந்திரங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை விற்பவர் தம் இலாபத்தை யந்திரத்தில் தேடுவதில்லை. பின்னால் தொடர்ந்து விற்கும் மையில் தேடுகின்றனர்.

இதற்கு மாறானது மைத்தொட்டி யந்திரம். இதில் பாட்டிலிலிருந்து மையை நேரே தொட்டியில் ஊற்றலாம். எப்சன் கம்பெனி 2010-இல் இந்தோனேசியாவில் இவ்வகையை முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிற கம்பெனிகளும் பின்னர் இவ்வழியில் வந்தன. இதில் யந்திரத்தின் விலை அதிகம். மையின் செலவு மிகக் குறைவு. எடுத்துக்காட்டாக, எப்சனின் 003 எண் கொண்ட 65 மில்லிலிட்டர் கறுப்பு மைப் பாட்டில் சுமார் 4,500 பக்கங்களுக்குப் போதும் என்று அக்கம்பெனி குறிப்பிடுகிறது. சிறு கார்ட்ரிட்ஜ்களோ நூறு, இருநூறு பக்கங்களிலேயே தீர்ந்துவிடுகின்றன.

பக்கக் கணக்கு

விலைகள் ஊருக்கு ஊர், மாதத்திற்கு மாதம் மாறும். ஆகவே பின்வரும் விலைகளைக் கணக்கு முறையை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொள்வோம். வாசகர்கள் தத்தம் ஊர் விலையை இட்டுக் கணக்கிடுவார்களாக.

1. கார்ட்ரிட்ஜ் யந்திரம்: விலை ரூ. 4,000. கார்ட்ரிட்ஜ் ரூ. 840, அது தருவது 120 பக்கம். பக்கத்திற்கு மைச் செலவு ரூ. 7.

2. மைத்தொட்டி யந்திரம்: விலை ரூ. 12,000. பாட்டில் ரூ. 450; அது தருவது 4,500 பக்கம். பக்கத்திற்கு 10 காசு. துளைகளைச் சுத்தம் செய்வதில் வீணாகும் மைக்காக இன்னொரு 10 காசு சேர்த்து 20 காசு எனக் கொள்வோம்.

3. கடையில் அச்சிட: பக்கத்திற்கு ரூ. 5.

500 தாள் கொண்ட காகிதக் கட்டு ரூ. 300 என்றால், தாள் ஒன்றுக்கு 60 காசு. யந்திரம் நான்கு ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், அதன் விலையில் நான்கில் ஒரு பங்கை ஆண்டுச் செலவில் சேர்க்க வேண்டும்.

மாதம் 100 பக்கம், அதாவது ஆண்டுக்கு 1,200 பக்கம் அச்சிடும் வீட்டில், ஓர் ஆண்டுச் செலவு கார்ட்ரிட்ஜ் யந்திரத்திற்கு ரூ. 10,120, மைத்தொட்டி யந்திரத்திற்கு ரூ. 3,960, கடையில் ரூ. 6,000. யந்திர விலையில் அதிகமாகக் கொடுத்த ரூ. 8,000-ஐ மைத்தொட்டி யந்திரம் ஏறத்தாழ 1,180 பக்கங்களில், அதாவது ஓராண்டுக்குள் மீட்டுக் கொடுத்துவிடும்.

மாதம் 10 பக்கமே அச்சிடும் வீட்டில் கணக்கு வேறாகிறது. கார்ட்ரிட்ஜ் யந்திரத்திற்கு ஆண்டுச் செலவு ரூ. 1,912, மைத்தொட்டி யந்திரத்திற்கு ரூ. 3,096, கடையில் ரூ. 600 மட்டுமே.

இவற்றிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, குறைவாக அச்சிடுவோருக்குச் சொந்த யந்திரமே தேவையில்லை. இரண்டாவது, நாம் எடுத்துக்கொண்ட விலைகளில் மாதம் 60 பக்கத்திற்கு மேல் அச்சிடுவோருக்குத்தான் மைத்தொட்டி யந்திரம் கடையைவிட மலிவாகும். மூன்றாவது, பக்கத்திற்கு 7 ரூபாய் மையும் 60 காசுத் தாளும் தின்னும் யந்திரம், எத்தனை பக்கம் அச்சிட்டாலும் 5 ரூபாய்க் கடையை வெல்லாது. அச்சிட அச்சிட நஷ்டமே வளரும். கூலிக்கு அச்சிட்டுக் கொடுக்க எண்ணும் குழுவினர் இம்மூன்றாவது செய்தியை மனத்தில் இருத்த வேண்டும்.

கடை தொலைவில் உள்ள ஊர்களில் போக்குவரத்தையும், இழக்கும் அரைநாள் கூலியையும் கடைக் கணக்கில் சேர்ப்பதே நியாயம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, சந்தைக்குச் செல்லும்போதே எல்லாத் தாள்களையும் அச்சிட்டு வந்தால் இச்செலவு பெரிதும் குறையும்.

அட்டையில் காணும் எண்

கார்ட்ரிட்ஜ் பெட்டியில் காணும் பக்க எண்ணிக்கை, ஐ.எஸ்.ஓ. 24711 போன்ற சர்வதேச அளவுமுறைப்படி, குறிப்பிட்ட ஐந்து மாதிரிப் பக்கங்களைத் தொடர்ந்து அச்சிட்டுக் கண்டது. வீட்டிலோ இன்று இரண்டு பக்கம், பத்து நாள் கழித்து ஒரு பக்கம் என்றே அச்சிடுகிறோம். இடையிடையே யந்திரம் தன் துளைகளைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கும் மை செலவாகும். முழுப் பக்க வண்ணப் படம் சாதாரண எழுத்துப் பக்கத்தைவிடப் பலமடங்கு மையைக் குடிக்கும். புதிய மைத்தொட்டி யந்திரத்தில் முதலில் ஊற்றும் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும். ஆகவே அட்டையில் உள்ள எண்ணை உச்ச விளைச்சலாகக் கொள்ள வேண்டுமேயன்றி, சராசரி விளைச்சலாகக் கொள்ளலாகாது.

பராமரிப்பு

வாரம் ஒரு முறையாவது, எல்லா வண்ணங்களும் சிறிது வருமாறு ஒரு பக்கம் அச்சிடுக. மை உலராமல் இருக்க இதுவே எளிய வழி.

யந்திரத்தை அதன்மீதுள்ள பொத்தானை அழுத்தியே நிறுத்துக. அப்பொழுதுதான் அச்சுத்தலை தன் இடத்திற்குச் சென்று மூடிக்கொள்ளும். அச்சிடும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டால் துளைகள் திறந்தபடியே காயும்.

எழுத்து விட்டுவிட்டு வந்தால், முதலில் ‘நாசில் செக்’ என்னும் சோதனைப் பக்கத்தை அச்சிட்டுப் பார்க்கவும். குறை தெரிந்தால் ஓரிரு முறை சுத்தம் செய்து, பின் சில மணி நேரம் பொறுக்கவும். அடுத்தடுத்துச் சுத்தம் செய்வது மையை வீணாக்கும். அந்த மை, யந்திரத்தின் உள்ளே உள்ள உறிஞ்சும் பஞ்சில் சேருகிறது. பஞ்சு நிறைந்தால் யந்திரம் நின்றுவிடும். பஞ்சுப் பெட்டியை நாமே மாற்றக்கூடிய மாதிரிகளும் உள்ளன. வாங்கும்போதே இதனைக் கேட்டறிவது நன்று.

களத்துத் தூசியும் எறும்பும் அணுகாதவாறு துணியால் மூடி வைக்கவும். காகிதக் கட்டைப் பிரித்தபின் ஈரம் படாமல் உறையிலேயே வைத்திருக்கவும்.

சிக்கனத்திற்கு வேறு வழிகளும் உண்டு. நகலெடுக்கும்போது கறுப்பு நகலுக்குரிய பொத்தானையே அழுத்துக. படித்துவிட்டு எறியும் தாள்களுக்கு ‘டிராஃப்ட்’ முறை போதும். தாளின் இரு பக்கங்களையும் உபயோகிக்கலாம். ஸ்கேன் செய்வதற்கு மையே வேண்டியதில்லை. 2015-இல் தொடங்கப்பெற்ற டிஜிலாக்கரில் கிடைக்கும் ஆவணங்களைக் கைப்பேசியிலேயே காட்டலாம் என்னும் இடங்களில் தாளும் மையும் மிச்சமாகும்.

மாற்று மை

கம்பெனி மையைவிட மலிவான மாற்று மை கடைகளில் கிடைக்கிறது. தரம் குறைந்ததாயின் துளைகள் அடைபடலாம், உத்தரவாதமும் பாதிக்கப்படலாம். சில யந்திரங்கள் பிற கம்பெனிக் கார்ட்ரிட்ஜ்களை ஏற்பதேயில்லை. 2016 செப்டம்பரில் எச்.பி.யின் சில மாடல்கள் பிறர் தயாரித்த கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென மறுத்ததால் பல நாடுகளில் கண்டனம் எழுந்தது. பின்னர் அக்கம்பெனி அத்தடையை நீக்கும் மென்பொருளை வெளியிட்டது. ஆதலின் ‘எந்த மை செல்லும், எது செல்லாது’ என்பதை வாங்குமுன் தெளிவாகக் கேட்டுக்கொள்வது அவசியம்.

மையில் டை, பிக்மெண்ட் என இரு வகை உண்டு. டை மை நீர் பட்டால் கரைந்து ஓடும். பிக்மெண்ட் மை நீரை ஓரளவு தாங்கும். மழைச்சாரல் படும் அறிவிப்புப் பலகைக்கும், பல்லாண்டு காக்க வேண்டிய தாளுக்கும் பிக்மெண்ட் கறுப்பு மையோ லேசர் அச்சோ ஏற்றது.

பஞ்சாயத்துகள் கவனிக்க வேண்டியவை

கிராம சபை அறிவிப்பு, வரவு செலவு அறிக்கை, தீர்மான நகல் எனப் பஞ்சாயத்து அலுவலகத்தில் அச்சுவேலை ஆண்டு முழுவதும் நடைபெறுகிறது. இச்செலவு பொதுமக்களின் பணம். பிரிண்டருக்கு விலைப்புள்ளி கோரும்போது யந்திர விலையோடு, மையின் விலை, அது தரும் பக்கங்கள், பழுது பார்க்கும் நிலையம் உள்ள இடம் ஆகியவற்றையும் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். மை வாங்கிய தேதியையும், அதுவரை அச்சிட்ட பக்கங்களையும் ஒரு பதிவேட்டில் குறித்து வந்தால், ஆண்டு முடிவில் ஒரு பக்கத்தின் உண்மை அடக்கம் தெரியவரும். அங்கத்தினர் எவரும் அதனைக் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் வாங்க விரும்புவோர் முதலில் மூன்று மாதங்களுக்குக் கடையில் அச்சிடும் பக்கங்களை நாட்காட்டியில் குறித்து வருவார்களாக. அந்த எண்ணிக்கை கையில் இருந்தால், எந்த யந்திரம் வேண்டும், அல்லது யந்திரமே வேண்டாமா என்பதை விற்பனையாளரின் பேச்சை நம்பாமல் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.