மாரியைக் கணித்த மேதை: சேர் கில்பேட் வாக்கர்

கணிதம் பயில்வோருட் பலர், பரீட்சை முடிந்ததும் அதனைப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிவைத்து விடுகின்றனர். "இதனால் வயலுக்கும் வாழ்வுக்கும் யாது பயன்?" என்னும் வினா வகுப்பறைதோறும் எழுவதொன்றாகும். அதற்கு விடையாகக் கணிதர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். கணிதத்திற் புகழ் பெற்றபின் அரசாங்க வானிலை நிலையங்களின் தலைமையை ஏற்று, வளிமண்டலப் பௌதிகத்துக்குப் புதுநெறி கண்டவர் அவர். வந்தாறுமூலையிலும் சூழவுள்ள வயற்புறங்களிலும் மாரியை நம்பி விதையெறியும் எம்மவர்க்கு அவர் வாழ்க்கை அயலார் கதையன்று.

கில்பேட் தோமஸ் வாக்கர் 1868 ஆம் ஆண்டு யூன் 14 ஆம் நாள் இங்கிலாந்தின் றொச்டேல் நகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துத் திரினிற்றிக் கல்லூரியிற் பயின்று, 1889 இல் கணிதச் சிறப்புப் பரீட்சையில் முதல்வராகத் தேறினார்; பின்னர் அங்கேயே விரிவுரையாளரானார். எறிந்தவரிடமே மீளும் அவுஸ்திரேலிய வளைதடியின் பறப்பைக் கணிதத்தால் ஆராய்ந்தமையால், நண்பர்கள் அவரை அக்கருவியின் பெயராலேயே அழைத்து மகிழ்ந்தனர். புல்லாங்குழலின் அமைப்பும் அவரது ஆராய்ச்சிக்கு உட்பட்டது.

இத்தகையவர் 1904 சனவரியில் இந்திய வானிலை நிலையங்களின் பணிப்பாளர் நாயகமானார். வானிலைத் துறையில் அவருக்கு முன்பயிற்சி இல்லை. எனினும் அவரை அழைத்தற்குக் காரணம் இருந்தது. 1875 இல் நிறுவப்பெற்ற அத்திணைக்களம், இமயத்துப் பனியின் அளவு முதலியவற்றைக் கொண்டு மழையை முன்னறிவிக்க முயன்று வந்தது. 1899 இல் நல்ல மழை பெய்யுமென அறிவித்தது. மாறாகக் கடும் வறட்சியும் பஞ்சமும் வந்துற்றன. பிழைத்த முன்னறிவிப்பு வெறும் ஏட்டுப் பிழையன்று. அதனை நம்பி வாழ்வோரின் அடுப்பையும் அது தொடுவது.

வாக்கர் கையாண்ட முறையை மாணவர்கள் அறிதல் நன்று. ஒரு நிரலில் ஆண்டுதோறும் பெய்த மழையளவையும், மறுநிரலில் தொலைவிலுள்ள ஓரிடத்தின் வளியமுக்கத்தையும் எழுதுக. இரண்டும் ஒருங்கே ஏறி இறங்கின், அவற்றின் இணைபுக் குணகம் 1 ஐ அணுகும். ஒன்று ஏற மற்றது இறங்கின் -1 ஐ அணுகும். தொடர்பில்லையேல் 0 ஐ அண்டி நிற்கும். உலகின் பல பாகங்களிலிருந்தும் அமுக்கம், வெப்பநிலை, மழை ஆகியவற்றின் கணக்குகளைத் திரட்டி, இத்தகைய குணகங்களைப் பெருந்தொகையாக அவர் கணிப்பித்தார். கணினி தோன்றாத அக்காலத்தில், அவ்வுழைப்பின் பெரும்பகுதியைத் தாளும் பேனாவும் கொண்டு நிறைவேற்றியோர் இந்திய எழுதுவினைஞரேயாவர்.

இவ்விடத்தில் ஒரு பொறி உண்டு. நூறு மாணவர் தனித்தனியே ஆறு முறை நாணயம் சுண்டுவாராயின், யாரேனும் ஒருவருக்கு ஆறு முறையும் தலையே விழுதல் வியப்பன்று. அவர் கையில் மந்திரம் இருப்பதாக எவரும் கொள்ளார். அவ்வாறே பல நிரல்களை ஒப்பிடுவோர்க்குத் தற்செயலாகவே சில பெரிய குணகங்கள் தென்படும். ஆதலின், எத்தனை ஒப்பீடுகளிலிருந்து தெரிந்தெடுத்தோம் என்பதையும் எண்ணியே ஒரு தொடர்பின் மெய்ம்மையைத் துணிதல் வேண்டுமென 1914 இல் வாக்கர் எடுத்துக்காட்டினார். தமக்கு வேண்டிய விடையையே ஐயுறும் இவ்வொழுக்கமே கணிதம் அவருக்கு அளித்த பெருங்கொடை என்போம்.

தமிழுலகும் அவருக்கு ஒரு நன்றிக்கடன் உடையது. 1913 பெப்ரவரியில் சென்னைக்கு வந்த அவரிடம், துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராயிருந்த சீனிவாச இராமானுசனின் கணக்குகள் காட்டப்பட்டன. அத்துறை தமக்குரிய துறையன்று என்பதை மறையாது கூறிய வாக்கர், பிழைப்புக் கவலையின்றிச் சில ஆண்டுகள் அவ்விளைஞர் கணிதத்தில் ஈடுபட வகைசெய்யுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவி இராமானுசனுக்குக் கிடைத்தது.

இருபதாண்டு உழைப்பின் முடிவில் வாக்கர் கண்டதென்ன? பசிபிக் சமுத்திரத்தில் அமுக்கம் உயரும்போது, இந்து சமுத்திரப் பக்கத்தில் அது தாழ்கின்றது. அங்குத் தாழின் இங்கு உயர்கின்றது. கிணற்றுத் துலாவின் ஒரு தலை தாழ மறுதலை எழுதல் போன்ற இவ்வியக்கத்துக்கு 1924 இல் 'தென்னலைவு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஆயினும் மழையை முன்னறிதற்கு அது போதிய துணையாகவில்லை. அதன் போக்கு பெரும்பாலும் தென்மேற் பருவக்காற்றின் காலத்திலும் அதன் பின்னருமே உறுதிப்படுவது. அவர் அவ்வாண்டே சேர் பட்டம் பெற்று நாடு திரும்பி, 1934 வரை இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பேராசிரியராயிருந்து, 1958 நவம்பர் 4 ஆம் நாள் மறைந்தார்.

அவர் கண்ட தொடர்பின் காரணத்தை 1969 இல் யாக்கோப் பியேக்கினெசு விளக்கினார். பசிபிக்கின் மத்தியகோட்டுப் பகுதியில் கீழ்க்காற்று வெப்பநீரை இந்தோனேசியப் பக்கம் ஒதுக்குகிறது. அங்கு வளி மேலெழுந்து மழை பொழிந்து, உயரத்தே கிழக்கு நோக்கிச் சென்று தென்னமெரிக்கப் பக்கத்தில் இறங்குகிறது. காற்று மெலியும் ஆண்டுகளில் வெப்பநீர் கிழக்கே படர்கிறது. இதுவே எல் நினோ. அச்சுற்றோட்டத்துக்கு வாக்கரின் பெயரையே அவர் இட்டார்.

எம் மாவட்டத்துக்கு இதனால் வருவதென்ன? எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற் பருவமழை குன்றும் போக்குடையது. இலங்கையிலோ ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மிகும் போக்குண்டு. 1957 டிசம்பரிற் கீழ்மாகாணத்தை வருத்திய பெருவெள்ளம் எல் நினோ ஆண்டில் வந்தது. ஆயின் 2011 தொடக்கத்தில் மட்டக்களப்பு வயல்களை மூழ்கடித்த வெள்ளமோ, அதற்கு எதிரான லா நினா நிலவியபோது வந்தது. ஆதலின் இணைபு என்பது போக்கைக் காட்டுவதேயன்றி விதியை வரைவதன்று. பெரும்போகத்துக்கு விதைப்போர் அதனை ஆணையாகக் கொள்ளாது அறிவுரையாகக் கொள்ளல் வேண்டும்.

மாணவர்களே! வாக்கருக்கு உதவியவை, பெயரறியாத பலர் நாடோறும் அளந்து எழுதிவைத்த எண்கள். மழைமானி ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் எப்பாடசாலைக்கும் எட்டாத பொருள்களல்ல. ஒரு நாளும் தவறாது, பெய்யாத நாளிற் சுழியத்தையும் விடாது எழுதி வருவீராயின், நீங்கள் பழைய மாணவராகும் காலத்தில் எம்மூர் மாரியின் மெய்யான வரலாறு இக்கல்லூரியில் இருக்கும்.