எந்த 'ஹோம்'? சேர்க்கும் முன் தெரிந்துகொள்வோம்



"அத்தாவை ஒரு ஹோமில் சேர்க்கணும், நல்ல இடமாச் சொல்லுங்க" என்று டிரஸ்டுக்கு வருபவர்களிடம் நாம் முதலில் கேட்பது, "அத்தாவுக்கு என்னென்ன செய்து பார்க்கணும்?" என்பதைத்தான். ஹோம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வகை இடங்கள் இருக்கின்றன.

நம் பகுதியில் நர்சிங் ஹோம் என்று பலகை இருந்தால் அது சிறிய தனியார் மருத்துவமனை. பிரசவம், ஆபரேஷன், சில நாள் சிகிச்சை, அவ்வளவுதான். மேலை நாடுகளில் அதே பெயர் நீண்ட காலப் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கும். வெளிநாட்டிலிருந்து போனில் பேசும் பிள்ளைகள் குழம்புவது இதனால்தான்.

முதியோர் இல்லத்தில் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும். எழுந்து நடமாட முடிந்தவர்களையே பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

பக்கவாதத்தில் படுத்த படுக்கையானவருக்கு நர்ஸ், ஆயா உள்ள பராமரிப்பு இல்லம்தான் பொருந்தும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். ஆகவே இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆயா என்று அவசியம் கேளுங்கள்.

ஹாஸ்பைஸ் வேறு. குணமாகாத நோயின் வலியையும் மூச்சுத்திணறலையும் தணித்து, புண்ணுக்கு மருந்து கட்டிப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. நமக்குப் பக்கத்திலேயே, மணலியை அடுத்த மாத்தூரில், ஜீவோதயா புற்றுநோயாளிகளை இலவசமாகக் கவனிக்கிறது. "சாகப் போடும் இடம்" என்று பயந்து, வலியில் துடிப்பவரை வீட்டிலேயே வைத்திருப்பது சரியல்ல. மார்ஃபின் ஹராம் இல்லையா என்றும் கேட்கிறார்கள். மருத்துவர் அளவோடு தரும் வலி மருந்தை, தேவையை முன்னிட்டு ஆலிம்கள் அனுமதிக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே பார்க்க முடிந்தவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது பாவமா? பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தை நினைத்துப் பலர் தவிக்கிறார்கள். மகனுக்கு ஹார்பரில் நைட் ஷிப்ட், மருமகள் கையில் குழந்தை, வீடோ ஒரே அறை. அங்கே முதுகெல்லாம் புண்ணாகக் கிடப்பதைவிட, தகுந்த இடத்தில் சேர்த்து வாரம் தவறாமல் போய்ப் பார்ப்பது மேல் என்பது நம் கருத்து. சேர்த்துவிட்டு எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் பயப்பட வேண்டியது.

சேர்க்கும்போது தொழுகைக்கும் தயம்முமுக்கும் உதவுவார்களா, பெண்களைப் பெண்களே குளிப்பாட்டுவார்களா, சாப்பாடு ஹலாலா என்று கேளுங்கள். படிவத்தில் உங்கள் எண்ணோடு மஹல்லா ஜமாஅத்தின் எண்ணையும் எழுதுங்கள். நள்ளிரவில் மவுத்தானாலும் குளிப்பாட்டவும் கஃபனிடவும் உடனே ஆள் அனுப்ப முடியும்.